ஆட்டோமேட்டிக்கா மேனுவலா என்று கேட்பதற்கு முன்னால்

ஷார்ஜாவிலிருந்து லீவுக்கு வந்திருந்தபோது அண்ணன் மைனிக்கு (அண்ணியை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) ஒரு கார் வாங்கிக் கொடுத்தார். அங்கே வருஷக்கணக்கில் ஆட்டோமேட்டிக் மட்டுமே ஓட்டிப் பழகியவர். "கிளட்ச் கிடையாது, கியர் கிடையாது, ஸ்கூட்டர் மாதிரி நீ பாட்டுக்கு ஓட்டலாம்" என்று மைனியிடம் சொல்லிவிட்டு, ஷோரூமில் போய் "ஆட்டோமேட்டிக் வேணும்" என்று மட்டும் கேட்டார். அவர்களும் கொடுத்துவிட்டார்கள்.

எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் ஊர்ப் பக்கம். ரோட்டிலிருந்து முற்றத்துக்கு ஏறும் பாதை நல்ல செங்குத்து, மழைக்காலத்தில் நடந்து ஏறுவதற்கே யோசிப்போம். வண்டி வந்த அன்று சாயங்காலம் மைனி ஓட்டினார், நான் பக்கத்தில் இருந்தேன். பாதி ஏற்றத்தில் ஒரு கோழி குறுக்கே ஓட, பிரேக் போட்டு நிறுத்தினார். கோழி போனதும் பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். வண்டி பின்னால் உருண்டது. "பின்னால போவுது மக்களே, பின்னால போவுது!" என்று அவர் கத்த, நான் ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து இழுத்தேன். இறங்கிப் பார்த்தால் பம்பருக்கும் கேட் தூணுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி.

அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. "அங்க நான் ஓட்டுற வண்டி இப்படி உருளாதே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் சொன்னது சரிதான். அங்கே ஓட்டுவதும் ஆட்டோமேட்டிக், இங்கே வாங்கியதும் ஆட்டோமேட்டிக், ஆனால் இரண்டுக்கும் உள்ளே இருக்கும் எந்திரம் வேறு. ஆட்டோமேட்டிக் என்பது ஒரே ஒரு பொருளின் பெயர் இல்லை, குறைந்தது நாலு விதமான கியர் பெட்டிகளுக்கு நாம் வைத்திருக்கும் பொதுப்பெயர். இது தெரியாமல்தான் சாயாக்கடையில் ஒருத்தர் "மைலேஜ் கிடைக்காது" என்கிறார், இன்னொருத்தர் "ஏற்றம் இழுக்காது" என்கிறார், மூன்றாமவர் "சொர்க்கம்" என்கிறார். மூன்று பேரும் மூன்று வெவ்வேறு வண்டியைப் பற்றிப் பேசுகிறார்கள்.

அதனால் அடியிலிருந்து ஆரம்பிப்போம்.

கியர் எதற்கு?

கியர் வைத்த சைக்கிளில் ஏற்றம் ஏறியவர்களுக்கு இது தெரிந்த விஷயம். ஏற்றத்தில் லேசான கியருக்கு மாற்றினால் பெடலை நிறைய தடவை சுற்ற வேண்டும், ஆனால் ஒவ்வொரு சுற்றும் சுலபம். சமதரையில் கனமான கியருக்குப் போனால் கொஞ்சம் சுற்றினாலே சைக்கிள் வெகுதூரம் ஓடும். உங்கள் காலின் பலம் மாறவில்லை. அந்தப் பலத்தை இழுவையாகச் செலவழிப்பதா, வேகமாகச் செலவழிப்பதா என்பதுதான் மாறுகிறது.

காரிலும் இதே கணக்குதான். முதல் கியரில் என்ஜின் பத்துப் பதினைந்து சுற்று சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று சுற்றும், அதனால் இழுவை பலமாக இருக்கும். ஐந்தாவது கியரில் என்ஜின் மூன்று நாலு சுற்று சுற்றும்போதே சக்கரம் ஒரு சுற்று போய்விடும், அதனால் வேகம். இந்த மாற்றத்தைச் செய்யும் பல்சக்கரப் பெட்டிதான் கியர்பாக்ஸ்.

கிளட்ச் எதற்கு?

சைக்கிளுக்கும் காருக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. சிக்னலில் நீங்கள் பெடல் மிதிப்பதை நிறுத்தலாம். பெட்ரோல் என்ஜினால் அப்படி நிற்க முடியாது, சும்மா இருக்கும்போதும் நிமிடத்துக்கு 700, 800 சுற்று சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குக் கீழே இழுத்தால் உதறிவிட்டு அணைந்துவிடும். ஆக, சுற்றிக்கொண்டே இருக்கும் என்ஜினையும் அசையாமல் நிற்கும் சக்கரத்தையும் தேவைப்படும்போது பிரிக்கவும் சேர்க்கவும் நடுவில் ஏதாவது ஒன்று வேண்டும். அதுதான் கிளட்ச். ஒன்றோடொன்று அழுந்தும் இரண்டு வட்டத் தகடுகள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். பெடலை மிதித்தால் பிரியும், விட்டால் ஒட்டும்.

ஒரேயடியாக ஒட்டவைத்தால் வண்டி குதித்து நின்றுவிடும். நகரும் பஸ்ஸில் ஏறுகிறவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் கூடவே ஓடி, வேகம் ஒத்து வந்தபிறகுதானே காலை வைப்பார்? அந்தக் கூடவே ஓடுகிற நேரம்தான் ஹாஃப் கிளட்ச். தகடுகள் உரசிக்கொண்டே மெல்ல ஒரே வேகத்துக்கு வருகின்றன. உரசினால் சூடு, சூடானால் தேய்மானம். ஏற்றத்தில் ஹாஃப் கிளட்சிலேயே வண்டியைப் பிடித்து நிறுத்துகிறவர்களுக்கு அந்தக் கருகல் வாசனை நல்ல பழக்கம்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: கியர் மாற்றுவது ஒரு வேலை, என்ஜினையும் சக்கரத்தையும் பிரித்துச் சேர்ப்பது இன்னொரு வேலை. மேனுவலில் இரண்டையும் நீங்கள் செய்கிறீர்கள். ஆட்டோமேட்டிக்கில் இரண்டையும் வண்டி செய்கிறது. எப்படிச் செய்கிறது என்பதில்தான் நாலு விதம் வருகிறது.

ஏ.எம்.டி.: மேனுவல் பெட்டி, எந்திரக் கை

மைனியின் கார் இந்த வகை. உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ், சாதாரண கிளட்ச். ஒரு பெடல் குறைவு, அவ்வளவுதான். நீங்கள் மிதிக்க வேண்டிய கிளட்சை ஒரு சின்ன எந்திரம் மிதிக்கிறது, நீங்கள் தள்ள வேண்டிய கியரை இன்னொன்று தள்ளுகிறது, எப்போது என்பதைக் கம்ப்யூட்டர் சொல்கிறது. 2014-ல் மாருதி செலேரியோவில் இது வந்தபிறகுதான் சின்ன கார் வாங்குகிறவர்களுக்கும் ஆட்டோமேட்டிக் எட்டியது. மேனுவலைவிட அரை லட்சத்தை ஒட்டித்தான் கூடுதல் செலவு என்பதால் வேகன்ஆர், ஸ்விஃப்ட், டியாகோ, பஞ்ச் என்று எல்லாவற்றிலும் பரவியது. மாருதிக்காரர்கள் இதை ஏ.ஜி.எஸ். என்பார்கள், நிஸானில் ஈஸி ஷிஃப்ட் என்பார்கள். பெயர்தான் வேறு.

கியர் மாறும் ஒவ்வொரு முறையும் கிளட்ச் பிரிந்து சேர வேண்டும் என்பதால் நடுவில் ஒரு நொடி இழுவை அறுந்துபோகும், வண்டியில் இருப்பவர்கள் எல்லாரும் லேசாகத் தலையாட்டுவார்கள். ஆக்சிலேட்டரை அழுத்திக்கொண்டே போகாமல் மாறும் நேரத்தில் கொஞ்சம் தளர்த்தினால் இது பாதியாகக் குறையும். சமதரையில் பிரேக்கை விட்டால் மெல்ல ஊர்ந்து போகும், ஆனால் செங்குத்தான ஏற்றத்தில் அந்த ஊர்தல் போதாது, பின்னால் உருளும். எங்கள் வீட்டில் நடந்தது அதுதான்.

இதற்கு மருந்தாக ஹில் ஹோல்டு என்று ஒரு வசதி உண்டு. பிரேக்கிலிருந்து காலை எடுத்தபிறகும் சுமார் இரண்டு நொடி வண்டியைப் பிடித்து வைத்திருக்கும். பல ஏ.எம்.டி. கார்களில் இப்போது வருகிறது, எங்கள் வண்டியில் இல்லை. இல்லாவிட்டாலும் மேனுவலில் செய்கிற அதே வித்தைதான்: ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, ஆக்சிலேட்டரை அழுத்தி, வண்டி முன்னால் இழுப்பது தெரிந்ததும் ஹேண்ட் பிரேக்கை விடுவது. மைனி இரண்டே நாளில் பிடித்துக்கொண்டார்.

டார்க் கன்வெர்ட்டர்: இரண்டு மின்விசிறி

அண்ணன் ஷார்ஜாவில் ஓட்டுவது இது. இரண்டு டேபிள் ஃபேனை எதிரெதிரே வையுங்கள். ஒன்றுக்கு மட்டும் கரண்ட் கொடுங்கள். அதன் காற்று பட்டு மற்றதும் மெல்லச் சுற்ற ஆரம்பிக்கும். இரண்டுக்கும் நடுவே தொடுப்பு எதுவும் இல்லை. ஓடாத ஃபேனைக் கையால் பிடித்து நிறுத்தினாலும் ஓடுகிற ஃபேனுக்கு ஒன்றும் ஆகாது, அது பாட்டுக்குச் சுற்றும். காற்றுக்குப் பதில் எண்ணெய், திறந்த வெளிக்குப் பதில் மூடிய கூடு, இதுதான் டார்க் கன்வெர்ட்டர். ஒரு விசிறி என்ஜினோடு, மற்றது கியர்பாக்ஸோடு.

இதனால்தான் இந்த வண்டியை சிக்னலில் டி-யிலேயே (டிரைவ், அதாவது முன்னால் ஓட்டும் நிலை) வைத்து பிரேக்கில் நிறுத்த முடிகிறது. பிரேக்கை விட்டால் எண்ணெயின் தள்ளலே வண்டியை நகர்த்தும், ஓரளவு ஏற்றத்தில் உருளாமல் தாங்கவும் செய்யும். உரசித் தேய ஒரு கிளட்ச் பிளேட் நடுவில் இல்லாததால் ஏற்ற இறக்கத்துக்கு இது மாதிரி பொறுமையான பெட்டி வேறில்லை என்பது என் கட்சி. எர்டிகா, பிரெஸ்ஸா போன்றவற்றில் ஆறு கியரோடு வருகிறது. விலைதான் மேனுவலைவிட லட்சத்துக்கு மேல் கூடிப்போகும்.

சி.வி.டி.: உங்கள் வீட்டு ஸ்கூட்டரிலேயே இருக்கிறது

ஆக்டிவாவோ ஜூபிடரோ வீட்டில் நின்றால் சி.வி.டி. உங்களுக்குப் புதிதில்லை. இரண்டு கப்பிகள், நடுவே ஒரு பெல்ட். மாவு மில்லில் பார்த்திருப்பீர்களே, அது மாதிரி. ஆனால் இந்தக் கப்பிகளின் இரு பக்கமும் நெருங்கவும் விலகவும் முடியும், அதற்கேற்ப பெல்ட் ஓடும் வட்டம் சிறிதாகும், பெரிதாகும். ஆக ஒன்று, இரண்டு, மூன்று என்று படிகளே இல்லை, ஒரு சாய்வுப் பாதையில் போவது மாதிரி. ஸ்கூட்டரில் ரப்பர் பெல்ட், காரில் எஃகு பெல்ட்.

குலுங்கல் என்பதே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போகும். ஹோண்டா அமேஸ், சிட்டியில் இருக்கிறது. ஹூண்டாயில் ஐ.வி.டி. என்று போட்டிருந்தால் அதுவும் இதுதான். ஒரே குறை, அவசரமாக ஆக்சிலேட்டரை மிதித்தால் என்ஜின் முதலில் ஓவென்று கத்தும், வேகம் கொஞ்சம் பின்னாலேயே வந்து சேரும். சிலருக்கு அந்தச் சத்தம் பிடிக்காது. மெதுவாக ஓட்டுகிறவர்களுக்கு அது கேட்கவே கேட்காது.

டி.சி.டி.: பந்தியில் அடுத்த வாளி

நம்ம ஊர்க் கல்யாணப் பந்தியில் பருப்புக்காரர் இலையைவிட்டு நகர்வதற்குள் சாம்பார் வாளி பின்னாலேயே வந்து நிற்குமே, அது டி.சி.டி. இதில் இரண்டு கிளட்ச். ஒன்று, மூன்று, ஐந்து ஒரு கிளட்சின் பொறுப்பு. இரண்டு, நாலு, ஆறு இன்னொன்றின் பொறுப்பு. மூன்றில் ஓடும்போதே நாலு தயாராகக் காத்திருக்கும், இது விட அது பிடிக்கும், கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். வேகமாக ஓட்டுகிறவர்களுக்குக் கொண்டாட்டம்.

ஆனால் கிளட்ச் என்றால் உரசல் உண்டு. ஊர்ந்து ஊர்ந்து போகும் நெரிசலில், அதுவும் ஏற்றத்தில், இது சூடாகும். எண்ணெயில் நனையாத உலர் கிளட்ச் வகைக்கு இந்தத் தொந்தரவு அதிகம். பழுது பார்க்கும் செலவும் நாலு வகையிலும் இதற்குத்தான் நெஞ்சு பதறும். ஹூண்டாய், கியா, ஸ்கோடா, வோக்ஸ்வேகன் டர்போ மாடல்களில் பார்க்கலாம்.

மின்சாரக் கார் இந்த நாலிலும் சேராது. மோட்டார் நின்ற இடத்திலிருந்தே முழு இழுவை கொடுக்கும், சுற்றிக்கொண்டே இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. அதனால் கிளட்சும் வேண்டாம், மாற்றுகிற கியரும் வேண்டாம்.

சுருக்கிச் சொன்னால், ஏ.எம்.டி. என்பது ஆள் மாறிய மேனுவல், டார்க் கன்வெர்ட்டர் எண்ணெய், சி.வி.டி. பெல்ட், டி.சி.டி. இரட்டைக் கிளட்ச். பிரசுரத்தில் பெயர் புரியவில்லை என்றால் கியர் லீவரைப் பாருங்கள். நம் நாட்டு ஏ.எம்.டி. கார்களில் பொதுவாக பி (பார்க்கிங்) என்ற எழுத்தே இருக்காது, ஆர் (ரிவர்ஸ்), என் (நியூட்ரல்), டி என்றுதான் இருக்கும். அண்ணன் இதை முதல் நாளே கவனித்திருந்தால் கோழிக்கதையே வந்திருக்காது.

பி பற்றிப் பேசும்போதே இதையும் சொல்லிவிடுகிறேன். பி-யில் போட்டால் வண்டியைப் பிடிப்பது பெட்டிக்குள் இருக்கும் ஒரு சின்ன இரும்பு நாக்குதான். சரிவில் நிறுத்தும்போது முதலில் ஹேண்ட் பிரேக், அப்புறம் பி. மாற்றிச் செய்தால் மொத்தப் பாரமும் அந்த நாக்கில் தொங்கும். பி இல்லாத ஏ.எம்.டி.யில் கியரிலேயே வைத்து என்ஜினை அணைத்து, ஹேண்ட் பிரேக்கையும் போட வேண்டும்.

மைலேஜ், ரிப்பேர், இழுவை

ஆட்டோமேட்டிக் பெட்ரோல் குடிக்கும் என்பது பழைய மூன்று, நாலு கியர் டார்க் கன்வெர்ட்டர் காலத்துப் பேச்சு. விசிறிக் கதையை நினைத்துப் பாருங்கள், ஓடாத ஃபேன் ஒருபோதும் ஓடுகிற ஃபேனின் முழு வேகத்தைப் பிடிக்காது, அந்த வித்தியாசம் எண்ணெயில் சூடாக வீணாகும். இப்போதைய பெட்டிகளில் ஓரளவு வேகம் வந்ததும் இரண்டு விசிறியையும் ஒன்றாகப் பூட்டிவிடுகிறார்கள், வீணாவது நின்றுவிடும். ஏ.எம்.டி.யில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை, சில கார்களில் கம்பெனி சொல்லும் மைலேஜ் மேனுவலைவிட ஒரு பிடி அதிகமாகவே இருக்கிறது.

ரிப்பேர் விஷயத்தில் மேனுவலை அடிக்க முடியாது. கிளட்ச் பிளேட் தேய்ந்தால் தக்கலையிலோ திங்கள் சந்தையிலோ எந்த மெக்கானிக்கும் மாற்றுவார். பேட்டரி படுத்தால் நாலு பேர் தள்ளி ஸ்டார்ட் பண்ணலாம், ஆட்டோமேட்டிக்கை அப்படித் தள்ளி எழுப்ப முடியாது. ஏ.எம்.டி.க்கும் கிளட்ச் பிளேட் தேயும், அதோடு அந்த எந்திரக் கையும் எப்போதாவது மக்கர் பண்ணலாம். மற்ற மூன்றிலும் பெட்டியைத் திறப்பது என்றாலே கம்பெனி சர்வீஸ் சென்டர்தான். பழைய வண்டியாக வாங்குகிறீர்கள் என்றால், அதிலும் டி.சி.டி. என்றால், சர்வீஸ் புத்தகம் கையில் இல்லாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

ஏற்றம் இழுக்காது என்பது உருள்வதையும் இழுவையையும் குழப்பிக்கொள்வது. இழுப்பது என்ஜின். சரியான கியரில் இருந்தால் எல்லாமே ஏறும்.

நம்ம ரோட்டில்

நாகர்கோவிலிலிருந்து காவல்கிணறு வரைக்கும் நாலுவழிச் சாலையில் போகிறவருக்கு எந்தப் பெட்டியாக இருந்தாலும் ஒன்றுதான். ஐந்தாவதில் போட்டுவிட்டால் கிளட்சைத் தொடும் வேலையே கிடையாது. மேற்கே திரும்பினால் கதை மாறும். தக்கலை, அழகியமண்டபம், மார்த்தாண்டம், களியக்காவிளை என்று போகும் ரோட்டில், அதுவும் மார்த்தாண்டத்தில் மேம்பாலத்துக்குக் கீழே சந்தைப் பக்கம் ஒரு சாயங்காலம் மாட்டிப் பாருங்கள். பழைய மேனுவல் காரில் ஒருமுறை கிளட்ச் மிதிப்பதை எண்ணிக்கொண்டு போனேன், நாற்பதுக்கு மேல் எண்ணிக்கை விட்டுப்போனது, முழங்கால் மட்டும் விடாமல் எண்ணிக்கொண்டிருந்தது. குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ஒரு வண்டி போனால் எதிர்வண்டி ஒதுங்கி நிற்க வேண்டிய ஏற்றப் பாதைகள் வேறு.

இறக்கத்துக்கு ஒரு தனி எச்சரிக்கை. லீவு நாளில் நம் ஆட்கள் கேரளாவில் இருக்கும் பொன்முடி மலைக்குப் போவார்கள், 22 கொண்டை ஊசி வளைவு. இறங்கும்போது டி-யிலேயே விட்டுவிட்டு பிரேக்கை மட்டும் அழுத்திக்கொண்டே வந்தால் பிரேக் சூடாகிப் பிடிமானம் குறையும். மேனுவலில் இரண்டாவது கியரில் போட்டு என்ஜினையே பிரேக்காகப் பயன்படுத்துவோம் அல்லவா? ஆட்டோமேட்டிக்கிலும் அதற்கு வழி இருக்கிறது: எம், எல், எஸ் என்று லீவரில் ஏதாவது ஒன்று இருக்கும், அதில் போட்டு தாழ்ந்த கியரில் பிடித்து வைக்கலாம். ஆட்டோமேட்டிக் வைத்திருக்கும் பலபேர் அந்த எழுத்தைத் தொட்டதே இல்லை.

இடது காலுக்கு லீவு

மேனுவலிலிருந்து மாறுகிறவர்களுக்கு முதல் வாரம்தான் ஆபத்து. பிரேக் பெடல் அகலமாக இருக்கும், இடது கால் பழக்கதோஷத்தில் அதைக் கிளட்ச் என்று நினைத்து ஒரே மிதி மிதிக்கும். மைனியின் காரை முதன்முதலில் ஓட்டியபோது நானும் மிதித்தேன். பின் சீட்டில் படுக்கவைத்திருந்த மட்டி வாழைக்குலை முன்னால் வந்து கியர் லீவரில் முட்டி நின்றது, பின்னால் வந்த ஆட்டோக்காரர் சொன்னதை இங்கே எழுத முடியாது. இடது காலை மடக்கிப் பின்னால் வைத்துவிடுங்கள். ஆக்சிலேட்டருக்கும் பிரேக்குக்கும் வலது கால் ஒன்றுதான்.

எதை வாங்குவது?

வீட்டில் யார் ஓட்டப் போகிறார்கள் என்பதிலிருந்து ஆரம்பிப்பேன். முழங்கால் வலியுள்ள அம்மாவோ அப்பாவோ ஓட்டுவதாக இருந்தால் மேனுவல் பேச்சை எடுக்கவே வேண்டாம். புதிதாகப் படிக்கிற பிள்ளைகளை மேனுவலில் படிக்க விடுங்கள், நாளைக்கு யாருடைய வண்டியையும் எடுக்க வேண்டி வரும். நம் நாட்டில் லைசென்ஸ் இரண்டுக்கும் ஒன்றுதான், ஆனால் அமீரகம் மாதிரி இடங்களில் ஆட்டோமேட்டிக்குக்கு மட்டும் என்று தனி லைசென்ஸ் உண்டு.

மாசத்துக்கு நாலு நாள் கோவிலுக்கும் கல்யாணத்துக்கும் போகிற வண்டி என்றால் மேனுவலே போதும், மிச்சப் பணத்தில் பெட்ரோல் போடலாம். தினமும் மார்த்தாண்டம் நெரிசலைத் தாண்டி வேலைக்குப் போகிறவர், கையில் பணம் குறைவு என்றால் ஹில் ஹோல்டு உள்ள ஏ.எம்.டி. வாங்கட்டும், அது இல்லாத மாடலை எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் நான் தொடமாட்டேன். இன்னும் கொஞ்சம் புரட்ட முடிந்தால் டார்க் கன்வெர்ட்டரோ சி.வி.டி.யோ. டி.சி.டி.யை வீட்டுக்கு வாங்கச் சொல்ல எனக்கு மனசு வராது, வேகமாக ஓட்டும் ஆசை உள்ளவர்கள் என்னைக் கேட்கவும் மாட்டார்கள்.

டெஸ்ட் டிரைவ் என்றால் ஷோரூம்காரர்கள் வழக்கமாகச் சமமான பைபாஸ் ரோட்டில் கூட்டிப்போய் ஒரு யூ டர்ன் அடித்துத் திரும்புவார்கள். அதை ஒத்துக்கொள்ளாதீர்கள். வண்டியை உங்கள் வீட்டு ஏற்றத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள், வீட்டில் இருக்கிற எல்லாரையும் உள்ளே ஏற்றுங்கள், பாட்டி உட்பட. பாதி ஏற்றத்தில் நிறுத்தி, ஒரு கையை ஹேண்ட் பிரேக்கில் வைத்துக்கொண்டு, பின்னால் யாரும் நிற்கவில்லை என்று பார்த்துவிட்டு, பிரேக்கிலிருந்து காலை எடுங்கள்.